முதலில் பாஸைப் பிடியுங்கள்

கொட்டகலையிலிருந்து எழுதியிருக்கும் தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: "சாதாரண தரம் வரைக்கும் சங்கீதம் படித்தவன் நான். மூன்று முறை ஜாஸ் கேட்க உட்கார்ந்தேன், மூன்று முறையும் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். கச்சேரிக்கு முன்னால் ஆளாளுக்கு ஸ்ருதி சேர்ப்பது போலவே இருக்கிறது. எந்த இசைத்தட்டில் தொடங்குவது? உங்களுக்குப் பிடித்தவை எவை? இன்றைய இசையில் இதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா, இல்லை ஹோட்டல் லாபியில் மெதுவாக ஓடவிடுவதற்கு மட்டும்தானா?" அப்புறம் கடைசியில், மாமா வீட்டில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் பழைய ரெக்கார்டுகளை என்ன செய்யலாம் என்று ஒரு வரி.

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், தருகிறேன். ஆனால் கேள்விக்கு அடியில் ஒரு குறை தெரிகிறது: எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஒன்று எனக்கு மட்டும் ஏன் பிடிபட மாட்டேன் என்கிறது? அதற்குப் பதில் நீங்கள் எழுதியதிலேயே ஒரு மூலையில் கிடக்கிறது. "ராத்திரி சாப்பிட்ட பிறகு போனை ஜன்னல் கட்டையில் வைத்துக் கேட்பேன்" என்கிறீர்கள். தம்பி, உங்கள் காதில் கோளாறு இல்லை. ஜாஸில் தாளத்தைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் டபுள் பாஸ்காரர். ஆள் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்து விரலால் மீட்டுகிற அந்தப் பெரிய வாத்தியத்தின் அடிக்கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போனில் இருக்கும் ஸ்பீக்கரோ நகம் அளவு. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிலிருந்து உருப்படியாக ஒன்றும் வராது. ஆக டிரம்பெட், சாக்ஸஃபோன், சிம்பல் மூன்றும் வருகின்றன, அவை நிற்கிற தரை வரவில்லை. மிருதங்கத்தையும் தம்புராவையும் கழற்றிவிட்டு நடுக் கல்பனாஸ்வரத்தை மட்டும் யாராவது போட்டுக்காட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சினிமாப் பாட்டு போனில் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் பாடுகிற குரலே பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஜாஸுக்கு அந்த வசதி இல்லை. எனவே முதல் செலவு சுமாரான ஒரு ஹெட்ஃபோன். அது கைக்கு வரும்வரை ஜாஸ் கேட்கவே வேண்டாம் என்பது என் யோசனை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே எடைபோட முடியும். தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளி பேண்டில் டிரம்பெட் பிடித்தேன், ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஹோட்டல் பேண்டுகளில் பல வருடம் ஊதினேன், அப்புறம் சங்கீத ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். டிரம்பெட், தாளம், பழைய பதிவுகள் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசுவேன். பியானோ ஹார்மனியில் என் அறிவு கேள்வி ஞானம்தான். 1960களில் வந்த, தாளக்கட்டையே விட்டுவிட்டு வாசிக்கிற ஃப்ரீ ஜாஸை இன்றைக்கும் என்னால் அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடிவதில்லை. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், என் எல்லை அது.

சரி, எங்கே தொடங்குவது? எல்லோரும் சொல்கிற அதே இசைத்தட்டைத்தான் நானும் சொல்வேன்: அமெரிக்க டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959-ல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவானது. ஆனால் முழு இசைத்தட்டையும் கேட்க வேண்டாம். முதல் உருப்படி 'சோ வாட்'. ஒன்பது நிமிடம் சொச்சம். ஒரு மாதத்துக்கு அது ஒன்றே போதும்.

நீங்கள் சங்கீதம் படித்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஆரம்பத்தில் பியானோவும் பாஸும் தாளமில்லாமல் கொஞ்சம் அலைவார்கள், அதை விட்டுவிடுங்கள். பிறகு பாஸ்காரர் பால் சேம்பர்ஸ் ஒரு சிறு வரியை மீட்ட, மற்றவர்கள் இரண்டே அடியில் 'ஆமாம்' போடுவார்கள். அங்கிருந்து ஆதி தாளம் போடத் தொடங்குங்கள். கொஞ்சம் வேகமான காலம், கை பழக இரண்டு நாள் ஆகும். பாட்டின் ஒரு சுற்று 16 ஆவர்த்தனம். முதல் எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு ஆதாரம், அடுத்த நான்குக்கு எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறிவிடும், கடைசி நான்கு பழைய இடத்துக்குத் திரும்பும். இவ்வளவுதான் கட்டுமானம். ஒன்றரை நிமிடம் வாக்கில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி அடிப்பார், அந்த ஓசை அடங்குவதற்குள் மைல்ஸ் உள்ளே வந்துவிடுவார். அவர் வாசிப்பது இரண்டு சுற்று, ஏறக்குறைய இரண்டு நிமிடம். தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே அந்த ஏற்றத்துக்குக் காத்திருங்கள். ஒன்பதாவது ஆவர்த்தனத்தில் தரை அரை ஸ்வரம் ஏறுவதை உடம்பு உணர்ந்துவிட்டால், ஸ்ருதி சேர்ப்பது போல் இருந்த சத்தம் சட்டென்று வாக்கியமாகிவிடும். மைல்ஸ் எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுவைக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். அவருக்குப் பின்னால் வருகிற சாக்ஸஃபோன்காரர் ஜான் கால்ட்ரேன் அதே வீட்டில் ஒரு முழங்கூட மிச்சம் வைக்காமல் சாமான் அடுக்குவார். இருவருக்கும் நிலம் ஒன்றே.

இந்த ரெக்கார்டு தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லவேண்டும். அப்பா துரை பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டு வேலைக்காரராக இருந்தார். 1975-ல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை ஊரைவிட்டுப் புறப்பட்டார். ரேடியோகிராம் யாருக்கோ போனது, ரெக்கார்டுப் பெட்டி மட்டும் அப்பாவின் தலையில் ஏறி எங்கள் இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு வந்தது. போட்டுக் கேட்க மெஷின் இல்லாமல், அட்டையில் டிரம்பெட் ஊதும் அந்த மனிதரின் முகத்தை மட்டும் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேண்ட் மாஸ்டர் வீட்டில் மெஷின் கிடைத்தது. கூடவே ஊதிப் பழகலாம் என்று டிரம்பெட்டைத் தூக்கினால் 'சோ வாட்' சேரவே இல்லை. ரெக்கார்டு ஒரு மயிரிழை மேலே நின்றது. டியூனிங் ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளியும் எட்டவில்லை. குளிரில் பித்தளை வாத்தியம் ஸ்ருதி இறங்கும். குழாய்க்குள் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறைகிறது, அதனால். எங்கள் ஊர்க் குளிரைச் சொல்லவேண்டியதில்லை. பனிதான் காரணம் என்று வாத்தியத்தைக் கம்பளிக்குள் சுற்றிவைத்து, வாயால் ஊதிச் சூடாக்கி, அப்புறம் முயன்றேன். ஆச்சரியம் என்னவென்றால், தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கம் போட்டால் சரியாகச் சேர்ந்தது! என் உதடுதான் சரியில்லை என்று பேண்ட் மாஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார், நானும் ஒத்துக்கொண்டேன். இருபது வருடம் கழித்துத்தான் விஷயம் தெரியவந்தது. மார்ச் மாதப் பதிவின்போது ஓடிய டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டபோது ஸ்ருதி ஏறிவிட்டது. முதல் பக்கத்து மூன்று உருப்படியும் அந்த நாளில் பதிவானவை. உபரியாக ஓடவிட்டிருந்த இன்னொரு டேப்பிலிருந்து 1990களில் திருத்தினார்கள். இப்போது போனில் கிடைப்பது பெரும்பாலும் திருத்திய பிரதி. என் உதடு சரியாகத்தான் இருந்திருக்கிறது, பேண்ட் மாஸ்டரிடம் சொல்வதற்கு அவர்தான் இல்லை.

'சோ வாட்' பற்றி நம் ஆட்கள் அடிக்கடி சொல்லும் ஒன்று: "அது கரகரப்பிரியா." இதில் எது உறுதி, எது இழுவை என்று பிரித்துவிடலாம். அதில் வரும் டோரியன் என்கிற ஸ்வர வரிசையும் கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரமும் ஒன்றே, ஹார்மோனியத்தில் வாசித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஸ்வரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடாது என்று உங்கள் டீச்சரே சொல்லியிருப்பார். கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை, போதாததற்கு நடுவில் ஆதார ஷட்ஜத்தையே தூக்கி அரை ஸ்வரம் மேலே வைக்கிறார்கள். நம் கச்சேரியில் தம்புராக்காரர் அப்படிச் செய்தால் மேடையைவிட்டு இறக்கிவிடுவார்கள். ஆகவே உறவு என்று சொல்லலாம், உடன்பிறப்பு என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு பிரபல ஜாஸ் உருப்படியான 'டேக் ஃபைவ்' கதையும் இப்படித்தான். பியானோக்காரர் டேவ் ப்ரூபெக்கின் குழு 1958-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் போலந்திலிருந்து துருக்கி, இந்தியா என்று சுற்றி நம் இலங்கைக்கும் வந்தது, இது பதிவான செய்தி. அடுத்த வருடம் 'டைம் அவுட்' வெளியானது, அதில் ஐந்தடியில் 'டேக் ஃபைவ்'. உடனே "மதராஸ் மிருதங்கத்தில் கேட்டு எடுத்தது" என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அதே தட்டில் இருக்கும் 'ப்ளூ ரோண்டோ' மட்டும் இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பதடியிலிருந்து வந்தது என்று ப்ரூபெக்கே சொல்லியிருக்கிறார். நம் ஐந்தடித் தாளமான கண்ட சாபு போட்டு 'டேக் ஃபைவ்' கேட்டால் முதலில் இடறும். நம்முடையது தக தகிட, இரண்டும் மூன்றும். அவர்களுடையது தகிட தக. கையைத் திருப்பிப் போட்டால் போதும், பாட்டு மடியில் வந்து உட்காரும். நடுவில் ஜோ மொரெல்லோவின் டிரம் தனி வரும்போதும் ப்ரூபெக் பியானோவில் அந்த ஐந்தை விடாமல் அரைத்துக்கொண்டே இருப்பார். தனி ஆவர்த்தனத்தில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது விருந்து.

நம் தோட்டத்துத் தப்பும் இதற்கு உதவும். காமன் கூத்தில் தப்படிக்கிறவரைக் கவனித்திருப்பீர்கள். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி இறுக்கிவிட்டு அடிக்கத் தொடங்கினால், பாடுகிறவர் எவ்வளவு இழுத்தாலும், ஆட்டக்காரர் எவ்வளவு தாவினாலும், அந்த அடி தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும். அந்தத் தப்புக்காரர் இடத்தில் ஜாஸில் பாஸும் சிம்பலும். இன்னொன்றும் உண்டு. பல தப்படிகள் சமமாகத் தட்டுவதில்லை, நீளமும் குட்டையுமாக நொண்டிக்கொண்டே ஓடும். ஜாஸில் ஸ்விங் என்பது கிட்டத்தட்ட அந்த நொண்டல்தான். எழுத்தில் சமமாக இருக்கிற இரண்டு ஸ்வரத்தை, திஸ்ர நடையில் முதலாவதற்கு இரண்டு பங்கு, மற்றதற்கு ஒரு பங்கு என்பதுபோல் வாசிப்பார்கள். வேகம் கூடக் கூட அது சமத்தை நோக்கிப் போகும். ஆனால் ஜாஸைத் தந்த அமெரிக்கக் கறுப்பர்களும் தோட்டம், நாமும் தோட்டம், ஆகவே இரண்டு இசையும் ஒன்று என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடிமையாக விற்கப்பட்டதும் ஒப்பந்தக் கூலியாகக் கொண்டுவரப்பட்டதும் ஒன்றல்ல. கஷ்டத்தை அளந்து ஒப்பிட்டுத்தான் ஒரு பாட்டை ரசிக்க வேண்டும் என்பதும் இல்லை.

இனி எனக்குப் பிடித்தவை. டிரம்பெட்காரன் என்பதால் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 1928 ஜூன் மாதம் சிகாகோவில் பதிவானது. தொடக்கத்தில் துணைக்கு யாரும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் ஏறி இறங்கும், பதினைந்து நொடிகூட இல்லை. முப்பது வருடமாக முயல்கிறேன், ஸ்வரம் எல்லாம் வருகிறது, அந்தத் துணிச்சல் வரவில்லை. பழைய பதிவு என்பதால் கரகரப்பு இருக்கும், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் கொள்ளும். வாய்ப்பாட்டு இல்லாமல் முடியாது என்றால் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் அதே ஆம்ஸ்ட்ராங்கும் 1956-ல் சேர்ந்து பாடிய தட்டு. ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல் கண்ணாடி, ஆம்ஸ்ட்ராங்கின் குரல் ஜல்லி. வீட்டில் அம்மாவுக்கும் பிடிக்கும்.

பியானோக்காரர் பில் எவான்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற சிறிய கிளப்பில் வாசித்தது அப்படியே பதிவாகியிருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் கிளாஸ் உரசும் சத்தம், யாரோ மெதுவாகப் பேசுவது, மேசையில் ஒரு சிரிப்பு எல்லாம் கேட்கும். பாஸ்காரர் ஸ்காட் லாஃபாரோவுக்கு வயது 25. வெறும் தாளக்காரராக நிற்காமல் பியானோவோடு சரிக்குச் சரி பேசுகிறார். பதினொரு நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்துபோனார். அந்த மேசையில் சிரித்தவருக்கு அன்று என்ன கேட்கக் கிடைத்தது என்று தெரிந்திருக்குமா என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். டியூக் எலிங்டனின் 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' நம் பக்கத்துக்குச் சொந்தம் கொண்டாடலாம். 1963-ல் அவர் குழு கிழக்கே சுற்றியபோது இலங்கைக்கும் வந்தது, அந்தப் பயணத்தை வைத்துப் பிறகு செய்த தொகுப்பு அது. டெல்லியில் அறைக்கு வெளியே கூவிய மைனாவை எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் கிளாரினெட்டுக்கு எழுதியிருக்கிறார். ஈரான் நகரம் ஒன்றின் பெயரில் உள்ள மிக அழகான 'இஸ்ஃபஹான்' மட்டும் பயணத்துக்கு முன்பே வேறு பெயரில் எழுதிவைத்திருந்தது, இது தெரிந்த பிறகும் எனக்கு அதில் பாரசீகம்தான் கேட்கிறது. கால்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்', 1964 டிசம்பரில் பதிவானது, நான்கு ஸ்வரம் கொண்ட ஒரு நாமாவளி. அந்த நான்கையும் பன்னிரண்டு ஸ்ருதியிலும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் வாயாலேயே சொல்லத் தொடங்கிவிடுகிறார். பஜனை மடத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இதை ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்.

இன்றைக்கு இடம் இருக்கிறதா என்றால், கூட்டத்தை வைத்து அளந்தால் இல்லை என்றே சொல்லவேண்டும். 1930களில் ஜனங்கள் ஆடியது ஜாஸுக்கு. 1940களில் சாக்ஸஃபோன்காரர் சார்லி பார்க்கரின் தலைமுறை வந்து, ஆட முடியாத வேகத்தில், உட்கார்ந்து கேட்கவேண்டிய இசையாக்கிவிட்டது. ஆடுகிற கால்கள் வேறு இசைக்குப் போய்விட்டன. அதைச் சிலர் வீழ்ச்சி என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டமில்லாமல் உட்கார்ந்து கேட்கிற கச்சேரி சங்கீதத்தை நாம் வீழ்ச்சி என்றா சொல்கிறோம்? ஆனால் ஜாஸ் தெரிந்த கைகள் மற்ற இசைக்குள் புகுந்து வேலைசெய்வது ஒருநாளும் நிற்கவில்லை. ஹிப்ஹாப் குழுவான ட்ரைப் கால்ட் குவெஸ்டின் 1991 தட்டில் பாஸ் வாசிக்க மைல்ஸின் பழைய பாஸ்காரர் ரான் கார்ட்டரே வந்தார். ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 2015 தட்டில் கமாசி வாஷிங்டன், ராபர்ட் கிளாஸ்பர் போன்ற ஜாஸ் ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள். லண்டனில் எஸ்ரா கலெக்டிவ் குழு 2023-ல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசு வாங்கியது, ஜாஸ் குழு ஒன்றுக்கு அது முதல் முறை, அவர்கள் இசைக்கு இளசுகள் மறுபடி ஆடுகிறார்கள். நம் வீட்டுப் பக்கம் வாருங்கள்: 'இருவர்' படத்தில் ஆஷா போஸ்லே பாடிய 'வெண்ணிலா வெண்ணிலா'வை நூறு தடவை கேட்டிருப்பீர்கள். இனி அதில் பின்னால் வாசிப்பவர்களைக் கேளுங்கள், நீங்கள் முன்பே ஜாஸ் கேட்டவர்தான்.

தமிழர்கள் கேட்பவராக மட்டும் இருக்கவும் இல்லை. 1970களில் ஜாஸ் கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லினோடு சக்தி குழுவில் வயலின் வாசித்த எல். ஷங்கர் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், தகப்பனார் லட்சுமிநாராயணா அங்கே சங்கீதம் சொல்லிக்கொடுத்தார், 1958 கலவரத்தோடு குடும்பம் இந்தியா போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் பிறந்த தமிழர் விஜய் ஐயர் இன்றைக்குப் பேசப்படும் ஜாஸ் பியானோக்காரர், ஹார்வர்டில் பேராசிரியர். மங்களூர்ப் பக்கத்து கத்ரி கோபால்நாத், சாக்ஸஃபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்துவந்தவர், 2008-ல் அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து 'கின்ஸ்மென்' தட்டைக் கொண்டுவந்தார். கமகத்துக்கு வளைந்துகொடுக்கிற சாக்ஸஃபோனும் வளையாத சாக்ஸஃபோனும் பக்கத்தில் பக்கத்தில். 'சோ வாட்' மாதம் முடிந்ததும் உங்களுக்கு அடுத்த தட்டு இதுவாகவே இருக்கட்டும்.

மாமா வீட்டு ரெக்கார்டுகள். மலையில் அட்டைப் பெட்டிக்குள் வைத்த எதுவும் பூஞ்சணம் பிடிக்கும், அதற்காகத் தூக்கி எறியாதீர்கள். தட்டில் படர்ந்திருப்பது பெரும்பாலும் மேலோடுதான். சாதாரண வைனல் தட்டு (எல்பி) என்றால், ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி. நடு லேபிள் நனையாமல் பிடித்துக்கொண்டு, குறுக்கே தேய்க்காமல் கோடு ஓடுகிற திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்திவையுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் அப்பளமாக நெளிந்துவிடும். பழைய உள்ளுறையில் திரும்பப் போடாதீர்கள், விதை அங்கேதான் இருக்கிறது. தட்டு கனமாக, விளிம்பில் சில்லு தெறித்ததாக, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டாக இருந்தால் அது 78. அதை நீண்ட நேரம் நனைக்க வேண்டாம், ஸ்பிரிட் எதுவும் படவே கூடாது, அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். ஊசியும் வேறு, எல்பி ஊசி அந்தக் கோட்டுக்கு மெலிசு. கழுவி முடித்து லேபிள்களைப் படம் எடுத்துப் போடுங்கள், என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.